மூன்றாவதை யாரும் ஆடுவதில்லை

வீடியோ கேம் பெட்டிகள் எட்டும் தரையில் கிடந்தன. ஒன்பதாவதுக்குப் பெட்டி கிடையாது, அது நெட்டிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்குள் இறங்கியது. கையில் பிடிக்க எதுவும் இல்லாததாலேயே ஜெயசீலனுக்கு அது அந்த வரிசையில் சேர்ந்ததாகப் படுவதில்லை. பெனிட்டா செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "நான் வர்றதுக்குள்ள ஒண்ணு எடுத்து வைப்பா. ஒம்போது வேணாம். பழசுல ஒண்ணு. நீ சாகாம ஆடற மாதிரி ஒண்ணு." மெர்லின் படியில் நின்று, "ஞாயித்துக்கிழமை பேசற பேச்சைப் பாரு, சாவறது கீவறதுன்னு" என்றாள். பிறகு தாயும் மகளும் சூட்கேஸ் வாங்கப் புரசைவாக்கம் போய்விட்டார்கள். மேல்வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மே மாதத்து வெக்கை மொசைக் தரையைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்த வரிசைக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு, வீட்டில் அது விளக்கு கேம். ஆறு வயதில் பெனிட்டா வைத்த பெயர். கையில் விளக்கோடு ஒருவன் இருட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பான், ஒவ்வொரு பாகத்திலும் வேறு இருட்டு, அவ்வளவுதான் கதை. முதல் பாகத்தை ஜெயசீலன் கல்யாணத்துக்கு முன்பே ரிச்சி தெருவில் யாரோ ஆடிச் சலித்த பிரதியாக வாங்கினான். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில், துவைத்த லுங்கிகள் தொங்கும் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரன் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி தூங்குகிற வரைக்கும் ஆடியிருக்கிறான். அந்த அளவுக்கு வேறு எதையும் விரும்பியதுண்டா என்று யோசித்தால் மெர்லினையும் பெனிட்டாவையும் சொல்ல வேண்டும் என்பதால் சொல்லிக்கொள்வான். அந்தப் பெட்டியின் மூலை உடைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வலது கை தொடைமேல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இல்லாத ஒரு மெழுகு உருண்டையை மெதுவாக, சீராக, யாரோ சொல்லிவைத்த மாதிரி உருட்டிக்கொண்டிருந்தன.

கையை மடியில் வைங்க சார், சும்மா வைங்க, என்று வீட்டில் சொல்லாமல் போய்ப் பார்த்த டாக்டர் சொன்னார். இப்போ நூறுலேர்ந்து ஏழு ஏழா குறைச்சுச் சொல்லுங்க. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. எழுபத்தொன்பதில் மாட்டிக்கொண்டான். கணக்குத் தெரியாமல் இல்லை, கீழே பார்த்துவிட்டான். கை தனியாகப் போய்க்கொண்டிருந்தது, வண்டி கிளம்பிய பிறகு பிளாட்பாரத்தில் நிற்கிறவனைப் போல அவன் அதைப் பார்த்தான். பாத்தீங்களா, சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும், வேலை செய்யும்போது நின்னுடும், என்று டாக்டர் நல்ல சேதி மாதிரி சொன்னார். நின்றுவிடும்தான், ஆனால் வேலை செய்யும்போது கட்டைவிரல் தாமதமாக வருகிறது. லிஃப்ட் கம்பெனியில் மவுஸைப் பிடித்து வரைபடத்துக்குக் கோடு இழுக்கிற வேலை, அங்கே ஒரு கோடு தாமதமானால் யாரும் கேட்கப் போவதில்லை. விளக்கு கேமில் கேட்பார்கள். போன மாதம் நான்காம் பாகத்தில் ஒரு கிணற்றைத் தாண்ட முடியாமல் விழுந்து விழுந்து செத்தான். கண் பார்க்கிறது, தாண்டு என்று மனம் சொல்கிறது, விரல் அழுத்துவதற்குள் விளக்குக்காரன் கிணற்றுக்குள் போய்விடுகிறான். இந்த வீட்டில் ஒரே கன்ட்ரோலர்தான் எப்போதும். செத்தால் கை மாற்ற வேண்டும், அதுதான் சட்டம். பெனிட்டா சின்னவளாக இருந்தபோது அவளுக்குச் சீக்கிரம் முறை வரட்டும் என்று அவன் வேண்டுமென்றே போய்ப் பள்ளத்தில் விழுவான், அவள் கை தட்டிக் கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொள்வாள். பத்து வயதில் அதைக் கண்டுபிடித்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. நான்காம் பாகத்துக் கிணற்றடியில் மறுபடி அதே முகம். "மறுபடி ஆரம்பிச்சிட்டியாப்பா? வேணும்னே சாகற. நான் ஊருக்குப் போறேன்னு பாவம் பாக்கறியா?" அவன் சிரித்தான். சிரித்தது தப்பு, சிரித்ததால் ஆமாம் என்றாகிவிட்டது. ஆமாம் என்று ஆனதே நல்லது என்று அப்புறம் தோன்றியது. பிறகு ஒரு சாயந்திரம் அவள் திரையைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

மெர்லினிடம் சொல்லவில்லை. மெர்லினிடம் சொன்னால் பெனிட்டாவிடம் சொன்ன மாதிரி. பெனிட்டாவிடம் சொன்னால் கௌஹாத்தி இல்லை. கௌஹாத்தியில் அவளுக்குக் கல்லூரி கிடைத்திருக்கிறது, அவள் கேட்ட படிப்பு, இந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லாத படிப்பு, வருகிறேன் என்று போனில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. இன்றைக்குள் அமுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே அமுக்கியிருக்கலாம். ஏன் அமுக்கவில்லை? "ஞாயித்துக்கிழமை உன்கூட ஆடிட்டு அமுக்கறேன்" என்றாள். அது வெறும் செல்லமா, அல்லது அந்தக் கையைப் பார்த்த பார்வையின் மிச்சமா? அவன் அப்பாவுக்கு இதே கை வந்தபோது ஃபுளோரா அக்காவுக்கு ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை வந்திருந்தது, தங்க இடத்தோடு. அக்கா அதற்காக ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்திருந்தாள், ஊதாவில் வெள்ளைக் கோடு. அப்பா தட்டில் கரண்டியை வைத்தால் டணடணவென்று சத்தம் வரும், நிற்காது. அடுத்த வருசம் போய்க்கிடுதேன் என்று அக்கா சொன்னாள். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் அதிலுள்ள கொடுமை, யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டம்ளரில் பாதிதான் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள், அப்பா அந்தப் பாதியைப் பார்த்த பார்வை அவனுக்கு ஞாபகம் இருக்கிறது, பிறகு கால் டம்ளர், பிறகு அவளே வாயில் ஊற்றினாள். கடைசி வருசங்களில் அப்பாவுக்குக் குளிர் நடுக்கம் என்று நினைத்துக்கொண்டோ என்னவோ அந்த ஸ்வெட்டரை அவருக்கே போட்டுவிட்டிருந்தாள். பாளையங்கோட்டை வெயிலில், ஊதா ஸ்வெட்டரில், ஜன்னலோரம் அப்பா. ஊட்டி வேலை யாருக்குப் போனதோ.

கிரைண்டர் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் விரல்கள் உருட்டுவது சத்தமாகக் கேட்கிற மாதிரி இருந்தது, உள்ளங்கையைத் தரையில் வைத்து அழுத்திக்கொண்டான். எதை எடுப்பது? முதல் பாகத்தை எடுத்தால் கட்டைவிரல் தப்பிக்கும். ஒன்றில் விளக்குக்காரன் ஓரடி வைத்தால்தான் இருட்டும் ஓரடி வைக்கும், அவன் நின்றால் அதுவும் நிற்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், மேன்ஷனில் அந்த நிதானம்தான் பிடித்திருந்தது. ஆனால் யோசிக்கிறபோது கை சும்மா இருக்கும். சும்மா இருந்தால் உருட்டும். இரண்டு, எல்லோருக்கும் பிடித்த இரண்டு, பழசில் எதை ஆடலாம் என்று நெட்டில் யார் கேட்டாலும் இரண்டும் ஐந்தும் ஆடு, மற்றதை விடு என்பார்கள். அதில் தொங்கு பாலங்கள், பலகை விழுகிற நொடியில் குதிக்க வேண்டும், அது முடியாது. பெனிட்டாவுக்கு அம்மை போட்டிருந்தபோது அவர்கள் ஆடியது இரண்டு. கண்ணில் வெளிச்சம் படக்கூடாது என்று மெர்லின் துணி கட்டிவிட்டாள், அவன் பாலத்தில் நடப்பதை வாயால் சொன்னான், இப்போ ஒரு பலகை, இப்போ காத்து, இப்போ தாண்டறேன், கட்டின துணிக்குள்ளிருந்து அவள் "மெதுவாப்பா, மெதுவா" என்றாள். ஐந்தை எடுக்கலாம், ஐந்தில் பாதி நேரம் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள், அப்போதும் கை சும்மா. ஆறு? ஆறில் பேய் பக்கத்தில் வந்தால் கன்ட்ரோலர் அதிரும். அந்த அதிர்வுக்குள் கையை ஒளித்துவிடலாம் என்று இரண்டு நாளாக நம்பிக்கையோடு இருந்தான். நேற்று மதியம் அவர்கள் தூங்கும்போது போட்டுப் பார்த்தான். பேய் வந்தது, அதிர்ந்தது, பேய் போயிற்று, அதிர்வு நின்றது, கை நிற்கவில்லை. திரையை அணைத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்தபடி கொஞ்சம் உட்கார்ந்திருந்தான். ஏழும் எட்டும் ஓட்டமும் குதிப்பும்தான். ஆக வேகமானது எதையும் எடுக்க முடியாது, நிதானமானது எதையும் எடுக்க முடியாது. எட்டுப் பெட்டிகளையும் பார்த்தான். வரிசையில் ஒரு ஆளின் வயது முழுக்க இருக்கிறது, ஒரு சாயந்திரத்துக்குத் தாங்குகிற மாதிரி ஒன்று இல்லையா?

போன் அடித்தது. ஃபுளோரா அக்கா. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டுப் படுத்து எழுந்து, அவனைக் கூப்பிடுவாள்.

"என்னல, சத்தமே இல்ல? பிள்ள எங்க?"

"சூட்கேஸ் வாங்கப் போயிருக்கா அக்கா, அவளும் மெர்லினும்."

"நல்ல பெருசா வாங்கச் சொல்லு. சின்னதா வாங்கிட்டு துணிய அமுக்கி அமுக்கி வச்சு ஜிப்பு அந்துரும். அங்க குளிருமாமே? கம்பளி கிம்பளி உண்டுமா?"

"அங்க போய் வாங்கிக்கிடுவா."

"ஆமா, போய் வாங்கட்டும்." அக்கா வேறு குரலில், "எவ்வளவு தூரம்ல அது? ரயில்ல போனா ரெண்டு ராத்திரியா? எம்மா. நான் மதுரையைத் தாண்டுனதில்ல, பாத்துக்க. போட்டும். பிள்ள நல்லா தூரமா போட்டும்" என்றாள். "சரி, உனக்குக் கை காலெல்லாம் நல்லாத்தான இருக்கு?"

எல்லோரும் கேட்பதுதான். வாரா வாரம் கேட்பாள். அவன் பதில் சொல்லத் தாமதமாயிற்று.

"ஏல, கேக்கா?"

"நல்லாருக்கு அக்கா."

"அப்ப சரி. மருந்து மாத்திரைன்னு திங்காத. நட. சாயந்தரம் நட."

போனை வைத்த பிறகு, பதில் சொல்ல ஏன் தாமதமாயிற்று என்று அக்கா இப்போது யோசித்துக்கொண்டிருப்பாளோ என்று தோன்றியது. அப்பாவின் கையை முதலில் பார்த்தது அவள்தான். போனில் ஒரு கையின் நடுக்கம் தெரியுமா? குரலில் வருமா? அப்போதுதான் மூன்றாவது பெட்டி கண்ணில் பட்டது. பட்டது என்று சொல்ல முடியாது, அது அங்கேதான் இருந்தது, யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றாவதை யாரும் ஆடுவதில்லை. அது வந்தபோதே திட்டினார்கள், அதில் விளக்கு தானாக எரியாது, கட்டைவிரலால் கன்ட்ரோலரின் குமிழைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சாவி கொடுக்கிற மாதிரி. சுற்றுவதை விட்டால் வெளிச்சம் சுருங்கும், முழுக்கச் சுருங்கினால் சாவு. பேய் மெதுவானது, பாலம் இல்லை, பள்ளம் இல்லை, குதிக்க வேண்டியதில்லை, சுற்று, நட, சுற்று, நட. பெனிட்டா அரை மணியில் கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டாள். கை ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. வேகமும் வேண்டாம். எத்தனை முட்டாள், இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது, வழி கிடைத்துவிட்டால் இனி தப்பிக்க முடியாது என்கிற வகைப் பயம். அவள் முறை வந்தால் என்ன செய்வது? அப்போது கை மடியில் இருக்கும். எழுந்து சமையலறைக்குப் போய் மெர்லின் வறுத்து வைத்திருந்த வேர்க்கடலையை ஓட்டோடு ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு வந்து வைத்தான். கடலை உடைக்கிற கைக்கு நடுங்க நேரம் இருக்காது. மூன்றாவதின் குறுந்தட்டைத் துடைத்துக் கம்ப்யூட்டரில் போட்டான். தட்டு உள்ளே போகும்போது முனகியது.

சூட்கேஸ் மெரூன் நிறம். பெனிட்டா அதை வாசலிலிருந்து கூடம்வரை உருட்டிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்தாள். "நாலு சக்கரம்ப்பா, நாலு பக்கமும் போகும், அம்மா மாதிரி."

"வாயைப் பாரு" என்றாள் மெர்லின். "கடைக்காரன் நீலம் இருக்குன்னு கெஞ்சறான், இவ இதுதான்னு நிக்கறா. ரயில்ல ஒரு அழுக்கு பட்டா தெரியும்."

"எதை எடுத்து வச்சே?" என்று அவனிடம் கேட்டுக்கொண்டே பெனிட்டா திரையைப் பார்த்துவிட்டாள். "மூணா? ப்பா! இதை ஒரு தடவை ஆடினவங்களே பாவம். ரெண்டாவது தடவை ஆடற முதல் ஆள் நீதான்."

"சாகாம ஆடற மாதிரின்னு நீதானே கேட்டே."

"கரெக்ட். இதுல பேய் கொல்லாது, போரே கொன்னுடும்."

"அந்தப் பேச்சை விடவே மாட்டீங்களா ரெண்டு பேரும்" என்று மெர்லின் முகம் கழுவப் போனாள்.

பெனிட்டா தரையில் இறங்கி உட்கார்ந்தாள். போன் அவள் மடியில் இருந்தது, வெளிச்சம் மேலே பார்க்க. அவன் சுற்ற ஆரம்பித்தான். விளக்கு மலர்ந்தது, செங்கல் சுவர் தெரிந்தது, ஈரம் தெரிந்தது, விளக்குக்காரன் நடந்தான். கையின் நடுக்கம் நின்றிருந்தது. டாக்டர் சொன்னது சரி. குமிழ் விரலுக்கடியில் சுற்றியது, நான் இங்கே இருக்கிறேன், ஆடிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் பெனிட்டாவின் ஷாம்பு வாசனையும் புது சூட்கேஸின் ரெக்ஸின் வாசனையும் வருகிறது, இது போதும், இந்தச் சுரங்கம் முடிகிற வரைக்கும் போதும். "இதான் எங்கப்பா" என்று அவள் ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். "அந்த ஹாஸ்டல்ல ரூமுக்கு மூணு பேராம். ஒருத்தி நாகாலாந்து. நம்ம சாப்பாட்டை என்னன்னு சொல்றது அவகிட்ட?" அவன் ரசம் என்று சொல்லு என்றான், அவள் சிரித்தாள். சுவர் மங்குகிற மாதிரி இருந்தது. மேகம் வந்து கூடம் இருட்டியிருக்கும் என்று நினைத்தான். இல்லை, சுவர்தான் மங்கியது. அவன் சுற்றிக்கொண்டுதான் இருந்தான், விடவில்லை, ஒரு நொடியும் விடவில்லை, பின் ஏன்? கீழே பார்த்தான். கட்டைவிரல் சுற்றுகிற வட்டம் சிறுத்திருந்தது. ஒரு ரூபாய் அளவாக இருந்தது மிளகளவாகியிருந்தது, சுற்றுவதாக நினைத்துக்கொண்டு அது ஒரே இடத்தில் லேசாக அசைந்துகொண்டிருந்தது, அவனுக்கு அது தெரியவே இல்லை. பெரிதாக்கு என்றான் தனக்குள், ஒரு வட்டம் பெரிதாக வந்தது, அடுத்தது மறுபடி சிறுத்தது. விளக்கு அணைந்தது. விளக்குக்காரன் செத்தான். அந்த இடத்தில் யாரும் சாவதில்லை. அது ஆடக் கற்றுக்கொடுக்கிற இடம்.

பெனிட்டா கன்ட்ரோலருக்குக் கை நீட்டவில்லை.

"ப்பா."

"ம்."

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்காம சொல்லு. வேணும்னே சாகறியா, இல்ல உன்னால முடியலையா?"

அவன் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு வலது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டான், கால் மரத்துப்போனவனைப் போல உட்காரும் விதத்தை மாற்றியபடி. அவள் மடியில் போனின் வெளிச்சம் அணைந்தது. அவள் அதைத் தட்டி மறுபடி எரிய வைத்தாள்.

"வேணும்னேதான்."

"ஏன்?"

"உனக்கு முறை வரட்டும்னு. எப்பவும் அப்படித்தானே."

"அப்போ சரி." அவள் முகம் இலேசாகத் தெளிந்தது, அதை அவன் பார்த்தான், நம்ப விரும்புகிற முகம். "அப்போ வேணும்னே சாகாம ஒரு தடவை ஆடு. இந்தச் சுரங்கத்தைத் தாண்டு, போதும். தாண்டினே, இங்கயே அமுக்கறேன்."

கன்ட்ரோலரை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். இதை அவன் யோசிக்கவில்லை. எட்டையும் யோசித்தான், கையை யோசித்தான், கடலையை யோசித்தான், வேண்டுமென்றே என்று சொன்னால் அடுத்து இதுதான் வரும் என்பதை யோசிக்கவில்லை. குழாயடியில் மெர்லின் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. தொடைக்கடியில் விரல்கள் உருட்ட ஆரம்பித்திருந்தன. ஊதா ஸ்வெட்டர். அடுத்த வருசம் போய்க்கிடுதேன். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அவள் கேட்க வேண்டியதே இல்லை, அவன் சொல்ல வேண்டியதே இல்லை.

"வேணாம் பெனி. எனக்கு இதெல்லாம் பிடிக்காது."

"எது? மூணா?"

"மொத்தமும். எப்பவுமே பிடிச்சதில்ல. நீ வா வான்னு கூப்பிடுவே, உக்காருவேன்."

"சும்மா சொல்லாத. ஒண்ணை நீ கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கினே."

"அப்போ வேலை வெட்டி இல்ல. அப்புறம் உனக்காகத்தான்." குரல் சரியாக இருந்தது. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "நீ கிளம்பிட்டா சாயந்திரத்துல கொஞ்சம் காலாற நடக்கலாம்னு இருக்கேன்."

கன்ட்ரோலர் இன்னும் நீட்டியபடியே இருந்தது. பிறகு அவள் அதைத் தன் பக்கத்தில் வைத்தாள். போனை எடுத்துப் படித்தாள், அல்லது படிக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கினாள். பட்டென்று, தாமதமில்லாமல்.

"முடிஞ்சுது" என்றாள். உள்ளே பார்த்து, "ம்மா, அமுக்கிட்டேன்!" என்று கத்தினாள். மெர்லின் ஆண்டவரே என்றாள்.

பெனிட்டா தரையில் கிடந்த பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒன்று, இரண்டு, நான்கு. வேறு யாருடைய வீட்டிலோ சிந்தியதைத் துடைக்கிற விருந்தாளியைப் போல நிதானமாக, ஒழுங்காக. "நம்ம சர்ச்ல ஜோயல் கேட்டுட்டே இருந்தான். அவனுக்குக் குடுத்துடவா?"

"குடுத்துடு."

"எட்டையுமா?"

"எட்டையும்."

மூன்றாவதின் பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "இதோட தட்டு உள்ள இருக்கு. எடுத்துக் குடு."

கம்ப்யூட்டர் அவன் பக்கத்தில் இருந்தது. அவன் தொடைக்கடியிலிருந்து வலது கையை எடுக்காமல் இடது கையால் பொத்தானை அமுக்கினான், தட்டு முனகிக்கொண்டு வெளியே வந்தது. இடது கையாலேயே அதை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் உடனே வாங்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"ஊருக்குப் போறவளுக்கு இடது கையாலதான் குடுப்பியா? அவ்வளவு ஆயிடுச்சா?"

"ஆமா. பிடி" என்றான் ஜெயசீலன்.